எண்பதைத் தாண்டினால்

என் மாமனாரின் வலது காலுக்கு நோயைக் கொடுத்தவன் நான்தான். எந்த டாக்டரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர்கள் காலைத்தான் பார்த்தார்கள், வண்டியைப் பார்க்கவில்லை.

நான் மெக்கானிக். சொந்தப் பட்டறை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மற்றவர்கள் கையை விரித்த பழைய வண்டிகள் என்னிடம்தான் வந்து சேரும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறுவது எனக்கே தெரிகிறது. என் மனைவிக்கு இது கல்யாணமான மறுவாரமே தெரிந்துவிட்டதாம்.

மாமனாரிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் வண்டி இருந்தது. அதன் பின்பக்கத்தில் மரச்சட்டம் அடித்து, சட்டத்துக்குக் கம்பளித் துண்டு ஒட்டி, கண்ணாடி ஏற்றிக்கொண்டு வருவார். நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொழிற்சாலையில் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றி, எங்கள் ஊர்க் கடைக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டும். முப்பத்தோரு வருடமாக இதே வேலை. முப்பத்தோரு வருடத்தில் ஒரு கண்ணாடிகூட வழியில் விரிசல் விட்டதில்லை. கடைத்தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. அலுங்காமல் குலுங்காமல் கொண்டுவருகிறவர் என்பது சுருங்கி "அலுங்காதவர்" ஆகியிருந்தது. "அலுங்காதவர் வந்துட்டாரா?" என்றுதான் கேட்பார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார்.

போன வருடம் யாரோ அவர் வண்டியிலிருந்து இரண்டு தடவை டீசலை உறிஞ்சிவிட்டார்கள். இரண்டாவது தடவை டேங்க் மூடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மனிதர் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுருட்டி அடைத்து, மேலே கயிறு கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு காரிலிருந்து சாவி போட்டுப் பூட்டும் மூடி ஒன்று கிடைத்தது. வைத்துக் கால்வாசி திருப்பினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளே இருந்த ரப்பரைக்கூடப் புதிதாக மாற்றினேன். ஒரு சொட்டு வெளியே வராது.

"இனிமே எவனும் கை வைக்க முடியாது மாமா" என்றேன்.

அவர் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மாப்பிள்ளை கொடுத்த பொருள் என்றால் அவருக்கு அது கோயில் பிரசாதம் மாதிரி.

மூன்று வாரம் கழித்துப் பட்டறைக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். எனக்கு வேலை கொடுக்க அவருக்கு எப்போதுமே கூச்சம்.

"மாப்பிள்ளை, ஹைவேல எண்பதத் தாண்டினா வண்டி வெட்டி வெட்டிப் போகுது. உடனே இல்ல, முப்பது நாப்பது கிலோமீட்டர் போனதுக்கு அப்புறம். ஓரங்கட்டி டீ குடிச்சிட்டு எடுத்தா சரியாயிடுது."

நோயாளி நோயை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அவர் சொன்ன மூன்று வாக்கியத்திலும் விடை இருந்தது. நான் தலையை ஆட்டினேனே தவிர, காதில் வாங்கவில்லை.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி வந்தாலும் முதலில் டேங்கைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பேன். மாமா வண்டியில் டீசல் முள் செத்து வருடக்கணக்காகிறது, அதனால் ஒரு அலுமினியக் கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பேன். டீசல் இல்லாத வண்டிக்கு இன்ஜினைப் பிரித்துப் போட்ட மேதாவிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பழக்கம். அன்றும் திறந்தேன், கம்பியை விட்டேன், மூடினேன். நெடுஞ்சாலையில் பதினைந்து கிலோமீட்டர் தொண்ணூறில் விரட்டித் திரும்பி வந்தேன். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

ஆனாலும் டீசல் ஃபில்டரை மாற்றினேன். அடுத்த வாரம் வந்தார். பம்பை மாற்றினேன். மறுபடி வந்தார். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன், கிளட்ச் பிளேட்டைப் பார்த்தேன், இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் முதல் வேலை டேங்கைத் திறந்து கம்பியை விடுவது. ஒவ்வொரு தடவையும் என் கையில் வண்டி சமர்த்துப் பிள்ளையாக ஓடியது.

நான்காவது தடவை வந்தபோது பட்டறையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு பேர் முன்னால் என் வேலை சரியில்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது. "நான் ஓட்டினா ஓடுது மாமா. உங்க கிட்ட மட்டும் ஏன் மக்கர் பண்ணுது?" என்றேன். கேள்வியாகத்தான் கேட்டேன். ஆனால் குரலில் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம்தான் கண்ணாடி உடைந்தது. ஏற்றிக்கொண்டு வரும் வழியில் வண்டி மோசமாக வெட்டி இழுத்ததில் மூன்று பெரிய கண்ணாடிகள் குறுக்கே விரிசல் விட்டுவிட்டன. கடைக்காரர் நல்ல மனிதர், திட்டவில்லை. "வயசாகுதில்ல, போகட்டும்" என்றாராம். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

மறுநாள் அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர் எல்லையில் டேங்கை நிரப்பினார், மூடியைப் பூட்டினார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டார். நாற்பது கிலோமீட்டர் போனோம். எண்பது, எண்பத்தைந்து. திடீரென்று வண்டி பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்து விடுகிற மாதிரி வெட்டியது. மறுபடியும். மறுபடியும்.

நான் கீழே குனிந்து அவர் காலைப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டர் மேல் கால் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாதம் நடுங்கியது.

"நிறுத்துங்க மாமா."

ஓரங்கட்டினார். நான் இறங்கி, அவரிடம் சாவியை வாங்கி டேங்கைத் திறந்தேன். நிரப்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இருந்தாலும் பழக்கம் விடுமா. அந்த நேரம் ஒரு டேங்கர் லாரி இரைந்துகொண்டு கடந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. லாரியின் பிரேக் என்று நினைத்தேன். கம்பியை விட்டுப் பார்த்து, மூடி, அவரைப் பக்கத்து சீட்டுக்கு நகரச் சொல்லி நானே ஓட்டினேன். அதே வண்டி, அதே சாலை, அதே வேகம். வீடு வரை ஒரு வெட்டுகூட இல்லை.

"வண்டியில ஒண்ணுமில்ல மாமா. உங்க கால்தான் நடுங்குது. நானே கண்ணால பாத்தேன்."

அவர் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"அப்படியா மாப்பிள்ளை?"

"ஆமா மாமா."

"எனக்குத் தெரியவே இல்லையே" என்றார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சொந்த மகன் சொல்லியிருந்தால் போடா என்றிருப்பார். ஒரு தெரியாத மெக்கானிக் சொல்லியிருந்தால் வண்டியை வேறு பட்டறைக்கு விட்டிருப்பார். மாப்பிள்ளை வாயிலிருந்து வந்த சொல்லை எதிர்த்துப் பேசும் பழக்கம் அவரிடம் இல்லை. மறுநாள் காலை வண்டிச் சாவியையும் மூடிச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து என் பட்டறை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

என் மனைவி மட்டும் கேட்டாள். "எங்கப்பா கால்ல என்னங்க இருக்கு? போன வாரம்கூட ஸ்டூல் மேல ஏறி நின்னு நம்ம வீட்டு பல்பை மாத்தினார். நீங்க கீழ நின்னு ஸ்டூலப் பிடிச்சிக்கிட்டிருந்தீங்க."

"வண்டியப் பத்தி உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்கப்பாவப் பத்தித் தெரியும்" என்றாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம். வண்டி என் பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. மாமனார் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. முதல் மாதம் அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தன் காலைக் கவனித்தார். நாள் முழுவதும் ஒரு காலையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்தக் கால்தான் நடுங்காது? இரண்டாவது மாதம் வலது கையை முழங்கால் மேல் அழுத்தி வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. அப்புறம் படியில் பக்கவாட்டாக இறங்க ஆரம்பித்தார். டீயை அரை டம்ளர்தான் ஊற்றச் சொன்னார். டாக்டர் நரம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, வயதுதான் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமனார் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் மகளிடம் சொன்னாராம்: "இவருக்குப் பிடிபடல. மாப்பிள்ளை பாத்த உடனே சொல்லிட்டார்."

என் மனைவி இதை வந்து என்னிடம் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை ஒரு கல் குவாரிக்கு ஜெனரேட்டர் இன்ஜினைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. வாடகை வண்டி வரவில்லை. தார்ப்பாயை நீக்கி மாமனாரின் பிக்கப்பை எடுத்தேன். பெட்ரோல் பங்கில் டேங்கைக் கழுத்து வரை நிரப்பினார்கள். கண் முன்னால் நிரம்பி வழிந்ததால் கம்பியை விட்டுப் பார்க்கவில்லை. பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் வண்டி வெட்டியது.

எனக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, எரிச்சல். அப்புறம்தான் கீழே பார்த்தேன். பெடல் மேல் என் கால் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாதம் நடுங்கியது. அவர் கால் நடுங்கியது போலவே.

அந்த வண்டியில் டாஷ்போர்டில் ஒரு குமிழ் உண்டு. வெளியே இழுத்துவிட்டால் கால் வைக்காமலே ஆக்ஸிலேட்டர் மிதித்தபடியே நிற்கும். சாலை காலியாக இருந்தது. குமிழை இழுத்துவிட்டு வலது காலைத் தூக்கித் தரையில் வைத்தேன். வண்டி அப்போதும் வெட்டியது. கால் வண்டியை ஆட்டவில்லை. வண்டிதான் காலை ஆட்டியது. இந்தச் சோதனைக்கு அன்று அரை நிமிடம் ஆகியிருக்கும். செய்யத் தோன்றவில்லை, ஏனென்றால் விடை எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஓரங்கட்டி நிறுத்தினேன். பழக்க தோஷத்தில் கை நேராக டேங்க் மூடிக்குத்தான் போனது. பூட்டைத் திருகியதும் மூடி சுலபத்தில் வரவில்லை. உள்ளே இருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பலமாக இழுத்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. நீளமாகப் போனது. இந்தத் தடவை பக்கத்தில் எந்த லாரியும் இல்லை.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பழைய மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு ஓட்டை இருந்திருக்கும். டீசல் குறையக் குறையக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் டேங்குக்குள் வெற்றிடமாகி, இன்ஜினுக்கு டீசல் வராமல் திணறும். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் தெரியாது. நிறைந்த டேங்கோடு வேகமாக நாற்பது கிலோமீட்டர் போனால் தெரியும்; டேங்க் கொஞ்சம் குறைந்திருந்தால் இன்னும் தூரம் பிடிக்கும். டீ குடிக்கிற நேரத்தில் எங்கேயாவது கசிந்து காற்று ஏறிவிடும், சரியாகிவிடும். நான் போட்ட மூடி, வேறு வழியாக மூச்சு விடும் காருடையது. அதில் ஓட்டை இல்லை. போதாக்குறைக்கு ரப்பரை வேறு புதிதாகப் போட்டிருந்தேன். சோதனைக்கு முன் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து நோயை நானே வெளியேற்றிவிட்டு, நோயே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

சாலை ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். ஐம்பது வயதில் வெட்டவெளியில் அழுவதற்கு வெட்கமாக இருந்தது, அழுதேன்.

மறுநாள் காலை இரண்டு மில்லி டிரில்லில் மூடியில் ஓட்டை போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குவாரி ரோட்டில் எழுபது கிலோமீட்டர் நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. யாரிடமும் சொல்லாமல் வண்டியை விற்றுவிடலாம் என்ற எண்ணம் வந்தது. வந்தது மட்டுமல்ல, வீடு வரும் வரை கூடவே வந்தது. மனைவி தட்டை வைத்துவிட்டு, "என்னங்க, முகமே சரியில்ல?" என்று கேட்டபோது சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். சோற்றை மூடி வைத்தாள். "வாங்க, இப்பவே போய்ச் சொல்லுங்க" என்றாள். பிக்கப்பிலேயே போய் அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, டேங்க் மூடியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மாமனார் ஜன்னல் பக்கம் நாற்காலியில், வலது பாதத்தைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்தேன். அவருக்கு அது சங்கடமாகப் போய்விட்டது.

"மாமா, உங்க கால்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறு நான் போட்ட இந்த மூடியில. காத்து போக ஓட்டையே இல்ல. அதான் வண்டி வெட்டுச்சு. நான்தான் முட்டாள்தனமா உங்க காலைச் சொல்லிட்டேன்."

மூடியை வாங்கினார். கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஓட்டை இருக்கே மாப்பிள்ளை."

"அது இன்னைக்குக் காலையில நான் போட்டது மாமா."

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பல மாதம் கழித்துச் சிரித்தார்.

"இவ சொல்லச் சொன்னாளா?"

"ஐயோ, இல்லப்பா, நிஜமாத்தான்" என்றாள் மனைவி.

"எனக்காக ஓட்டையெல்லாம் போட்டுக் கொண்டுவந்திருக்காரு பாரு" என்றார் அவளிடம். என் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, உங்க மனசு யாருக்கும் வராது."

என் ஒரே சாட்சியை என் டிரில்லாலேயே அழித்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டையை டேப் ஒட்டி அடைத்து, நாற்பது கிலோமீட்டர் கூட்டிப்போய் வண்டி வெட்டுவதைக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம், வண்டி பாவம் என்றார். கெஞ்சினேன். கடைசியில், ஒரு தடவை தெருமுனை வரையாவது ஓட்டிப் பாருங்கள் மாமா என்றேன். மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்ல முடியாமல் எழுந்தார்.

படியில் பக்கவாட்டாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். கீழே நான் மூடியை டேங்கில் மாட்டினேன். அவர் வண்டியைப் பார்த்ததும் கையால் கதவைத் தடவினார். ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஏறினேன். மனைவி வாசலில் நின்றாள். இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. முதல் கியர் போட்டு, வலது காலை ஆக்ஸிலேட்டரில் வைத்தார்.

வண்டி குதித்து நின்றது.

மறுபடி எடுத்தார். வண்டி இரண்டு முழம் முன்னால் பாய்ந்து, வெட்டி, மறுபடி நின்றது. நான் குனிந்து பார்த்தேன். இந்தத் தடவை இன்ஜின் அணைந்திருந்தது. வண்டி அசையவில்லை. பெடல் மேல் அவர் கால் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கையால் முழங்காலை அழுத்தினார். அப்போதும் நடுங்கியது.

"பாத்தீங்களா?" என்றார். கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. என்னைச் சமாதானப்படுத்துகிற குரல். "நீங்க அன்னைக்கே சரியாத்தான் கண்டுபிடிச்சீங்க. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க மாப்பிள்ளை. நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லலைன்னா நான் யார் மேலயாவது ஏத்தியிருப்பேன்."

அவர் சாவி வளையத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"மூடியப் பூட்டிட்டீங்கல்ல? உறிஞ்சிடுவானுங்க" என்றார்.

மனைவி அன்று அப்பாவோடு இருந்துவிட்டாள். நான் வீட்டுக்குப் போகாமல் நெடுஞ்சாலைக்குப் போனேன். எண்பதில் ஓட்டினேன், தொண்ணூறில் ஓட்டினேன். முப்பது, நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தாண்டியும் ஓட்டினேன். ஒரே ஒரு தடவை வெட்டாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். வண்டி அலுங்காமல் குலுங்காமல் போய்க்கொண்டே இருந்தது.